எல்.இ.டி. பல்புகளுக்கு ஸ்மார்ட் டிம்மரும் ஸ்மார்ட் சுவிட்சும்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

வீட்டைப் புதுப்பித்தபோது பழைய சுவிட்சுகளை எடுத்துவிட்டுக் கைப்பேசியில் இயக்கும் சுவிட்சுகளையும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்களையும் பொருத்தினீர்கள். பல்புகளை மட்டும் மாற்றவில்லை. இப்போது மூன்று குறைகளைச் சொல்கிறீர்கள். கூடத்தில் டிம்மரைப் பாதிக்குக் கீழே குறைத்தால் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் மினுக்குகின்றன. படுக்கையறையில் அணைத்த பிறகும் இரவு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கில் உள்ள 12 விளக்குகளை இயக்கும் சுவிட்ச், சில மாதங்கள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, இப்போது அணைய மறுக்கிறது. எலக்ட்ரீஷியன் பல்பைக் குறை சொல்வதாகவும், கடைக்காரர் டிம்மரைக் குறை சொல்வதாகவும் எழுதி, யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக இரண்டு பொருள்களுமே தனித்தனியாக நல்ல பொருள்கள்தான். சேர்த்து வைக்கக் கூடாத இடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று குறைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலாவதுதான் அடிப்படையானது, அதனால் அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

சுவரில் பொருத்தும் டிம்மர் என்பது குண்டு பல்புக்காகப் பிறந்த கருவி. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னழுத்த அலை ஒரு நொடியில் 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு, அரை அலைகளாக ஏறி இறங்குகிறது. ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லி நொடி நீடிக்கும். டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற குறைகடத்திச் சுவிட்ச், ஒவ்வோர் அரை அலையின் தொடக்கத்திலும் சற்று நேரம் மூடியே இருந்துவிட்டு, பிறகு திறந்து மீதி அலையை மட்டும் பல்புக்கு அனுப்புகிறது. எவ்வளவு தாமதமாகத் திறக்கிறதோ அவ்வளவு மங்கல். குண்டு பல்பின் இழை இதைப் பொருட்படுத்துவதில்லை. அது வெறும் மின்தடை, சூடானால் ஒளிரும், சூடு ஆறுவதற்குள் அடுத்த அரை அலை வந்துவிடும். எனவே அலையின் வடிவம் எவ்வளவு சிதைந்தாலும் கண்ணுக்குச் சீரான ஒளியே தெரியும்.

எல்.இ.டி. பல்பின் அடிப்பாகத்தில் ஒரு சிறிய மின்னணுச் சுற்று இருக்கிறது. அதை டிரைவர் என்பார்கள். அது மாறுமின்னோட்டத்தைத் திருத்தி, ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி, எல்.இ.டி. சில்லுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்னோட்டத்தை மாறாமல் கொடுக்கிறது. நம் நாட்டில் விற்கப்படும் பல பல்புகளின் அட்டைப்பெட்டியில் 100 முதல் 300 வோல்ட் வரை ஒரே வெளிச்சம் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். மின்னழுத்தம் அடிக்கடி இறங்கும் ஊர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல குணம். ஆனால் அந்த வாசகத்தின் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள்: வெளியிலிருந்து வரும் மின்சாரம் குறைந்தாலும் வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த டிரைவர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. டிம்மரோ மின்சாரத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் குறைக்கப் பார்க்கிறது. ஒரே வண்டியில் இரண்டு வண்டிக்காரர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுப்பது போன்றது இது. எல்.இ.டி. சில்லுக்குப் போகும் மின்னோட்டத்தை ஆளும் இடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடம் எது என்று முடிவு செய்துவிட்டால் எதை வாங்குவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மினுக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரையாக் ஒருமுறை திறந்தபின் திறந்தே இருக்க, அதன் வழியே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள டிரையாக்குகள் பலவற்றுக்கு இது ஏறத்தாழ 10 முதல் 50 மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு 260 மில்லி ஆம்பியர் இழுத்தது. அங்கே பிரச்சினையே எழவில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பு முழு வெளிச்சத்திலேயே 40 மில்லி ஆம்பியரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. அதையும் அது அரை அலை முழுவதும் சீராக இழுப்பதில்லை; கெப்பாசிட்டர் நிரம்பும் நேரத்தில் மட்டும் இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தியவுடன் டிரையாக் மூடிக்கொள்கிறது, பிறகு மீண்டும் திறக்க முயல்கிறது, ஓர் அரை அலையில் வெற்றி பெறுகிறது, அடுத்ததில் தோற்கிறது. கண்ணுக்கு மினுக்கலாகத் தெரிவதும், சில பல்புகளில் காதுக்கு ரீங்காரமாகக் கேட்பதும் இந்தத் தடுமாற்றத்தின் விளைவுதான். டிம்மரின் குறிப்பேட்டில் குறைந்தபட்சச் சுமை 40 வாட் என்றோ 60 வாட் என்றோ எழுதியிருந்தால், ஒரு பல்போ இரண்டு பல்போ உள்ள அறைக்கு அது பொருந்தாது என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

அலையின் முற்பகுதியை வெட்டும் இந்த வகையை முன்முனை டிம்மர் என்று வைத்துக்கொள்வோம். இதில் இன்னொரு தொல்லை, அலை உச்சத்தை நெருங்கும் வேளையில், அதாவது 325 வோல்ட் வரை உள்ள நிலையில், டிரையாக் சட்டென்று திறப்பதால் பல்பின் கெப்பாசிட்டருக்குள் மின்னோட்டம் ஒரு பாய்ச்சலாகப் போய் விழுகிறது. நொடிக்கு 100 முறை இப்படி அடி வாங்கும் கெப்பாசிட்டர் சூடாகிறது. மின்பகுபொருள் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. டிம் செய்ய ஆகாத பல்பை டிம்மரில் போட்டால் சில மாதங்களிலேயே செத்துப்போவதற்குக் காரணம் இதுவே. டிரையாக்குக்குப் பதிலாக மோஸ்ஃபெட் என்ற வேறு வகைக் குறைகடத்திச் சுவிட்சைப் பயன்படுத்தும் பின்முனை டிம்மர்கள் பூஜ்யத்தில் மெல்லத் திறந்து, அலையின் பிற்பகுதியை வெட்டுகின்றன. பாய்ச்சல் இல்லை, குறைந்தபட்ச மின்னோட்டம் என்ற நிபந்தனையும் பெருமளவு தளர்கிறது, சத்தமும் குறைகிறது. வீட்டுத் தானியக்கத்துக்கென்று வரும் நல்ல டிம்மர் தொகுதிகள் இன்று பெரும்பாலும் இந்த வகைதான். சில, சுமையைச் சோதித்துப் பார்த்து இரண்டு வகைகளில் பொருத்தமானதைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன.

சி.எஃப்.எல். பல்புகள் இன்னும் சில உங்கள் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை டிம்மரில் போடவே போடாதீர்கள். சாதாரண சி.எஃப்.எல். பல்பின் மின்னணுச் சோக்குக்கு வெட்டுப்பட்ட அலையைக் கொடுத்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகும். அடிப்பாகம் கருகுவதும் உண்டு. உடலசைவு உணர்ந்து எரியும் விளக்குகளுக்கும் சி.எஃப்.எல். ஏற்றதன்று, ஏனென்றால் அடிக்கடி போட்டு அணைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும், எல்.இ.டி.க்கு அந்தக் குறை இல்லை. கழற்றும் சி.எஃப்.எல். பல்புகளில் பாதரசம் உண்டு என்பதால் குப்பையோடு உடைத்துப் போடாமல் மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.

பல்புக்கும் டிம்மருக்கும் இடையிலான இந்தப் பிணக்கு புதிதன்று. ஸ்காட்லாந்தின் கிளென்ராத்திஸ் நகரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் உருவாக்கிய எக்ஸ்10 முறைதான் வீட்டுத் தானியக்கத்தின் முன்னோடி. அது வீட்டு மின்கம்பியின் வழியாகவே, அலை பூஜ்யத்தைத் தொடும் நேரத்தில் 120 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்புகளை அனுப்பிக் கட்டளைகளைக் கடத்தியது. அமெரிக்க வீடுகளில் அது பரவிய காலத்தில் எல்லாம் குண்டு பல்புகள். பிறகு சி.எஃப்.எல். வந்தபோது அவற்றின் சுற்றுகள் கம்பியில் இரைச்சலைக் கிளப்பின. மின்னணுக் கருவிகளில் இருந்த வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கட்டளைத் துடிப்புகளை உறிஞ்சிக்கொண்டன. விளக்குக்கான எக்ஸ்10 தொகுதி, மேசை விளக்கின் சொந்தச் சுவிட்சை யாராவது திருப்புகிறார்களா என்று அறிய ஒரு சிறு மின்னோட்டத்தைப் பல்பின் வழியே எப்போதும் விட்டுக்கொண்டிருந்தது, சி.எஃப்.எல். பொருத்தியவுடன் அணைந்த பல்பு அவ்வப்போது கண்சிமிட்டத் தொடங்கியது. அன்று அனுபவசாலிகள் சொன்ன தீர்வு, டிம்மர் உள்ள விளக்குத் தொகுதியை விட்டுவிட்டு ரிலே (மின்காந்தத்தால் தொடுமுனைகளைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) உள்ள சாதனத் தொகுதியைப் போடுங்கள் என்பது. பெரும்பாலான விளக்குகளுக்கு இன்றும் அதுதான் சரியான தீர்வு.

இந்தியாவில் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்பை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. அந்த விலைக்கு வரும் பல்பில் டிரைவர் மிக எளிமையாகத்தான் இருக்க முடியும். டிம்மரின் வெட்டை அளந்து அதற்கேற்ப எல்.இ.டி. மின்னோட்டத்தைக் குறைக்கும் பகுதியும், டிரையாக்குக்குத் தேவையான மின்னோட்டத்தை இழுத்துக் கொடுக்கும் பகுதியும் சேர்ந்தால்தான் அது டிம் செய்யத்தக்க பல்பு ஆகிறது. விலையும் அதற்கேற்பக் கூடுகிறது. ஆகவே அட்டைப்பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று தெளிவாக அச்சிடப்படாத எந்தப் பல்பும் டிம் ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறியீடு எத்தனை இருந்தாலும் அது மின்சாரச் சிக்கனத்தை மட்டுமே சொல்கிறது, டிம் ஆகுமா என்பதைச் சொல்வதில்லை.

கூடத்தில் டிம்மர் வேண்டியே தீரும் என்றால், டிம்மபிள் பல்புகளை வாங்கிப் பின்முனை டிம்மரோடு சேருங்கள். முன்முனை டிம்மரை வைத்திருந்தால், அதன்மேல் எழுதியுள்ள வாட் அளவு குண்டு பல்புக்கானது, எல்.இ.டி.க்கு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே கணக்கில் கொள்வது பாதுகாப்பு. அதாவது 400 வாட் என்று எழுதியிருந்தால் 9 வாட் பல்புகள் நான்கு. தயாரிப்பாளர் எல்.இ.டி.க்கென்று தனி அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றலாம். ஒரே டிம்மரில் வெவ்வேறு தயாரிப்புப் பல்புகளைக் கலக்காதீர்கள். ஒன்று 20 விழுக்காட்டில் அணையும், மற்றொன்று 5 விழுக்காடு வரை எரியும்.

பொருத்தியபின் டிம்மரின் கைப்பேசிச் செயலியில் அளவமைப்பு (கேலிபிரேஷன்) வசதி இருந்தால் அதை ஓடவிடுங்கள். குறைந்தபட்ச நிலையை, பல்பு மினுக்காமல் எரியும் கடைசிப் புள்ளிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். சில பல்புகள் 10 விழுக்காட்டில் தொடர்ந்து எரியும், ஆனால் அணைந்த நிலையிலிருந்து 10 விழுக்காட்டுக்கு ஏற்றினால் எரியத் தொடங்காது; முதலில் கணநேரம் உயர்ந்த நிலைக்குப் போய் இறங்கி வரும் அமைப்பு டிம்மரில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். 10 விழுக்காடு வரை டிம் ஆகும் என்று பெட்டியில் கண்டவுடன் மயங்கிவிடவும் வேண்டாம். நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. கருவி அளக்கும் 10 விழுக்காடு, கண்ணுக்கு ஏறத்தாழ 32 விழுக்காடு போலத் தெரியும். திரைப்படம் பார்க்கும் அளவுக்கு அறை இருட்ட வேண்டும் என்றால் 1 விழுக்காடு வரை இறங்கும் பல்பு தேவை. மினுக்கலைச் சோதிக்க, கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் பல்பின் வெளிச்சம் படும் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் அதில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தருவது அந்தத் துடிப்புதான்.

இவ்வளவும் சொன்னபின் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செலவு செய்பவர் சுவர் டிம்மரின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. வெளிச்சத்தைக் குறைக்கும் வேலையை எல்.இ.டி.க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்மார்ட் பல்பு. அதில் டிரைவரே கட்டளையை வாங்கி மின்னோட்டத்தைக் குறைக்கிறது. அலையை யாரும் வெட்டுவதில்லை. ஆனால் அதற்கு எப்போதும் முழு மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதை ஒருபோதும் டிம்மரின் பின்னால் போடக் கூடாது. சுவர்ச் சுவிட்சை வீட்டுப் பெரியவர் பழக்கத்தில் அணைத்துவிட்டால் அந்தப் பல்பு கட்டளை கேட்காத வெறும் பல்புதான். சில ஸ்மார்ட் சுவிட்சுகளில் ரிலேயை நிரந்தரமாக இணைந்த நிலையிலேயே வைத்துவிட்டு, சுவிட்சைத் தட்டினால் பல்புக்குக் கட்டளை மட்டும் போகும்படி அமைக்கலாம். அதுவே இந்தச் சிக்கலுக்குத் தோதான ஏற்பாடு. மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் பல்பு என்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பையும் முதல் நாளே ‘முந்தைய நிலை’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நள்ளிரவில் மின்தடை நீங்கும்போது வீட்டிலுள்ள எல்லாப் பல்புகளும் ஒரே நேரத்தில் முழு வெளிச்சத்தில் விழித்துக்கொள்ளும்.

சிக்கனம் கருதுபவர் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காகக் காத்திருப்பதால் சுமார் அரை வாட் வரை இழுக்கலாம். ஒரு நாளைக்கு 24 மணி நேரமும் அரை வாட் என்றால் ஆண்டுக்கு 4.4 யூனிட். 9 வாட் பல்பு நாள்தோறும் 4 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் செலவாவது சுமார் 13 யூனிட். எரிவதற்கு ஆகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு சும்மா இருப்பதற்கே போகிறது. பத்துப் பல்புகள் என்றால் தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கில் 7 யூனிட்டுக்கு மேல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நாளுக்கு ஐந்து நிமிடம் எரியும் குளியலறைக்கும் கிடங்கறைக்கும் ஸ்மார்ட் பல்பு போடுவது சிக்கனத்துக்கு நேர்மாறு.

இரண்டாவது வழி, டிரைவர் வெளியே தனியாக இருக்கும் விளக்குகளுக்கு. உங்கள் ஃபால்ஸ் சீலிங் விளக்குகள் அந்த வகை. விளக்கைக் கீழே இழுத்தால் சிறு பெட்டி ஒன்று கம்பியில் தொங்கும், அதுதான் டிரைவர். விளக்கை மாற்றாமல், அதே மின்னோட்ட அளவும் மின்னழுத்த எல்லையும் கொண்ட டிம்மபிள் டிரைவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூரை ஓரங்களில் மறைத்து ஒட்டும் எல்.இ.டி. பட்டைகளுக்கு இதைவிட எளிய வழி உண்டு: 12 அல்லது 24 வோல்ட் மின்வழங்கியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் பட்டைக்கும் இடையே தாழ்மின்னழுத்த ஸ்மார்ட் கட்டுப்படுத்தியைப் போடுங்கள். அது மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டு அனுப்பி வெளிச்சத்தைக் குறைக்கிறது. இரைச்சலோ குறைந்தபட்சச் சுமையோ அங்கே கிடையாது. கூடத்தில் மங்கலான இதமான வெளிச்சம் வேண்டும் என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பிரதான பல்புகள் வெறும் சுவிட்சில் இருக்கட்டும். மூன்று படிகளில் வெளிச்சம் மாறும் பல்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. சுவிட்சை அணைத்து உடனே போட்டால் அடுத்த படிக்குப் போகும். விலைக்கு நல்ல பொருள்தான், ஆனால் தானியக்கத்துக்கு ஆகாது: பல்பு இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்பது சுவிட்சுக்குத் தெரியாது.

இனி, அணைத்த பிறகும் எரியும் இரவு விளக்கு. எல்.இ.டி.க்கு ஒளிர மிகச் சொற்ப மின்னோட்டம் போதும். முன்பு ஜீரோ வாட் பல்பு என்று நாம் அழைத்தது உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுத்த குண்டு பல்பு. கசிவு மின்னோட்டம் அதை அசைக்கவே அசைக்காது. இப்போதைய அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்குக்கு அந்தக் கசிவே உணவாகிவிடுகிறது. கசிவு மூன்று இடங்களிலிருந்து வரலாம். முதலாவது, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இணைப்பு இல்லாத ஸ்மார்ட் சுவிட்ச்: அது தன் மின்னணுச் சுற்று உயிரோடு இருப்பதற்கான மின்சாரத்தைப் பல்பின் வழியாகத்தான் பெற முடியும். பெரிய பல்பாக இருந்தால், கசிவு கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பி, நிரம்பியதும் டிரைவர் ஒரு கணம் விழித்து ஒளிர்ந்து மீண்டும் தூங்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னும் பல்பின் இரகசியம் இதுவே. இரண்டாவது, பழைய சுவிட்சில் உள்ள சிறு நியான் அடையாள விளக்கு. மூன்றாவது, மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியைச் சுவிட்ச் துண்டிப்பது. நம் வீடுகளில் இது அரிதன்று. அப்படி இருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கிறது என்பதால், மங்கல் வெளிச்சத்தைவிடப் பெரிய ஆபத்து பல்பைக் கழற்றுபவருக்குத்தான். டெஸ்டர் மட்டும் போதாது, மல்டிமீட்டரை வைத்து எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் காரணத்துக்கு உண்மையான மருந்து நியூட்ரல் வேண்டும் வகைச் சுவிட்சுக்கு மாறுவதுதான். அமெரிக்க, ஐரோப்பியப் பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வராது. இணையத்தில் படிக்கும் புலம்பல்களில் பாதி அங்கிருந்து வருபவை. நம் ஊர்ச் சுவிட்ச் போர்டுகளில் ஒரு பிளக் பாயிண்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கிறது. மாடிப்படியின் இருவழிச் சுவிட்சும் கட்டில் ஓரத்துச் சிறு பெட்டியும்தான் விதிவிலக்குகள். அங்கே வேறு வழியில்லை என்றால், சுவிட்ச் தயாரிப்பாளரே கொடுக்கும் பைபாஸ் கெப்பாசிட்டரைப் பல்பின் ஹோல்டருக்கு இணையாகப் பொருத்தலாம். கசிவு பல்பைத் தொடாமல் அதன் வழியே போய்விடும். அது எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. என்று பொறித்ததாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த ஏதோ ஒரு கெப்பாசிட்டரை அங்கே கட்டுவது தீயை விலைக்கு வாங்குவது.

நியூட்ரல் கிடைக்கிறது என்பதற்காக எந்த நியூட்ரலையும் எடுத்துவிடக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், இன்வெர்ட்டர் வரிசையின் ஃபேஸையும் மின்வாரியத்தின் நேரடி வரிசையின் நியூட்ரலையும் சேர்த்து ஒரு சுவிட்சுக்குக் கொடுத்தால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சின்) வழியே சமமாகப் போவதில்லை. அது கசிவு என்று கருதி விழுந்துவிடும். ஸ்மார்ட் சுவிட்ச் போட்ட நாள்முதல் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைக்க யார் முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள்.

அணைய மறுக்கும் சுவிட்சுக்கு வருவோம். ‘டிக்’ என்ற சத்தம் கேட்கிறது, விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன என்றால் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. 12 விளக்குகளும் சேர்ந்து எரியும்போது இழுப்பது ஏறத்தாழ அரை ஆம்பியர். ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. பிறகு ஏன் என்று எவருக்கும் தோன்றும். அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற வெறும் மின்தடைச் சுமைக்கானது. அணைந்த டிரைவரின் கெப்பாசிட்டர் காலியாக இருக்கும். அலையின் உச்சத்தில் ரிலேயின் தொடுமுனைகள் இணைந்தால், சில நூறு மைக்ரோ நொடிகளுக்கு ஒவ்வொரு டிரைவரும் தன் இயல்பு மின்னோட்டத்தைப் போல நூறு மடங்கும் இழுக்கக்கூடும். பன்னிரண்டும் ஒரே கணத்தில் இழுத்தால் 50 ஆம்பியரை எட்டக்கூடும். ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் ஒரு சிறு உருகல். ஒருநாள் அது பற்றவைப்பாகவே ஆகிவிடுகிறது. அலை பூஜ்யத்தைத் தொடும்போது இணையும் வகை ரிலே சுவிட்சைப் போடுவதும், விளக்குகளை நாலு நாலாகப் பிரித்துத் தனித்தனி ரிலேக்களில் இணைத்துச் சில நூறு மில்லி நொடி இடைவெளியில் எரியவிடுவதும் தீர்வுகள். பிரிக்க முடியாதென்றால், ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு சிறிய கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலேயை) இயக்கட்டும், விளக்குகளின் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும்.

இன்வெர்ட்டரைப் பற்றி இன்னும் ஒரு சொல். உங்களுடையது சைன் அலை தராத, சதுர அலை வகையாக இருந்தால், அதன் வரிசையில் எந்த டிம்மரையும் போடாதீர்கள். டிம்மர் பூஜ்யத்தைக் கணக்கிட்டே வேலை செய்கிறது; சதுர அலையின் செங்குத்தான ஏற்றத்தில் அந்தக் கணக்கு பிசகி, விளக்கு துடிக்கும், டிம்மர் சூடாகும். ரிலே சுவிட்சுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மின்விசிறியை அதே டிம்மரில் போடலாமா என்று ஒருவரியில் கேட்டிருந்தீர்கள், கூடாது. விளக்கு டிம்மரில் மோட்டார் உறுமும், சூடாகும். மின்விசிறிக்கென்று கெப்பாசிட்டர் படிகளை ரிலேக்களால் மாற்றும் தனித் தொகுதிகள் இருக்கின்றன. பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறி என்றால் எந்த ரெகுலேட்டரும் வேண்டாம், எல்.இ.டி. பல்பைப் போலவே அதற்குள்ளும் சொந்த டிரைவர் இருக்கிறது, வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி டிம்மர் வாங்குவதானால், இசட்-வேவ் என்ற கம்பியில்லா முறையில் பேசும் கருவிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வானொலி முறைக்கு இந்தியாவில் ஒதுக்கிய அலைவரிசை 865.2 மெகா ஹெர்ட்ஸ். அமெரிக்கக் கருவி 908.4இலும் ஐரோப்பியக் கருவி 868.4இலும் இயங்குவதால் இங்குள்ள மையக் கருவியோடு பேசாது. அமெரிக்கச் சந்தைக்கான டிம்மர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பியில்லா முறைகளான சிக்பீ, வைஃபை இரண்டும் 2.4 கிகா ஹெர்ட்ஸில் உலகெங்கும் ஒன்றாக இயங்குபவை.

உங்கள் வீட்டில் நான் செய்யச் சொல்லும் வரிசை இது. முதலில் ஹோல்டர்களில் நியூட்ரல் துண்டிப்பு இருக்கிறதா என்ற சோதனை, ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அடுத்தது, ஃபால்ஸ் சீலிங்கின் ஒட்டிப்போன ரிலேயை மாற்றி விளக்குகளை மூன்று பிரிவாக்குவது. படுக்கையறையில் நியூட்ரல் உள்ள சுவிட்ச். கூடத்தின் டிம்மரைக் கழற்றி அங்கே ரிலே சுவிட்சைப் போட்டுவிட்டு, மங்கல் வெளிச்சத்துக்குத் தனியாக 24 வோல்ட் பட்டை. பட்டை ஒட்ட இடமில்லை, டிம்மபிள் பல்புதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒன்றிரண்டை மட்டும் வாங்கி உங்கள் டிம்மரில் ஒரு மாலை எரியவிட்டுப் பாருங்கள். ஒத்துவந்தால் மீதியையும் கூடுதலாக இரண்டையும் அதே கடையில், அதே தயாரிப்பு மாதம் அச்சிட்ட பெட்டிகளாகப் பார்த்து வாங்கி வையுங்கள். பெயரும் வாட்டும் மாறாமலேயே உள்ளிருக்கும் டிரைவரைத் தயாரிப்பாளர்கள் மாற்றிவிடுவது உண்டு; இரண்டு ஆண்டு கழித்து அதே பெயரில் வாங்கும் பல்பு, இன்று ஒத்துப்போன டிம்மரோடு ஒத்துப்போகாமல் போகலாம்.